கப்பலின் பின்புறத்தில் எழுதிய ஊர்

நான் மூன்றாம் பொறியாளராக இருந்த காலத்தில், ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் காலை எட்டு மணிக்குக் கேங்வே என்ற ஏறுபடி வழியாக ஏறி வந்த ஆய்வாளர், கேப்டன் அறைக்குப் போவதற்கு முன்பாகவே, அவசரகாலத் தீயணைப்பு பம்பை இயக்கிக் காட்டச் சொன்னார். எஞ்சின் அறையே தீப்பிடித்து மற்ற எல்லா பம்புகளும் நின்றுபோனால், கப்பலைக் காப்பாற்றத் தனியிடத்தில் தனி டீசல் எஞ்சினோடு வைத்திருக்கும் பம்பு அது. மேல்தளத்தில் இரண்டு குழாய்களை விரித்துப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். கீழே நான் கைப்பிடியைச் சுற்றினேன். நான்காவது முயற்சியில் எஞ்சின் பிடித்தது. ஆனால் தண்ணீர் ஏறவில்லை. தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்து, பம்பு கடல்நீருக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்தச் சீல் வேண்டும் என்று இரண்டு முறை எழுதி அனுப்பியிருந்தோம், கம்பெனி அனுப்பவில்லை. மேலே குழாயின் வாயிலிருந்து முழங்கையை நனைக்கும் அளவுக்குத்தான் நீர் கசிந்தது.

அதே பம்பு நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லும் சான்றிதழ் கேப்டனின் கோப்பில் இருந்தது. பத்தொன்பது நாள்களுக்கு முன்பு, எங்கள் கப்பலின் கொடி நாட்டின், அதாவது கப்பல் பதிவாகியிருந்த நாட்டின், சார்பில் கப்பலைச் சோதிக்க வந்த சர்வேயர் கொடுத்தது அது. அவர் எஞ்சின் அறைக்குள் இறங்கியதை நானோ என்னோடு வேலை செய்தவர்களோ பார்க்கவில்லை. கப்பலில் இருந்த இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூட அந்த நாட்டில் கால் வைத்ததில்லை. எனக்குத் தெரிந்து அந்தக் கப்பலும் அங்கே போனதில்லை. ஆனாலும் கப்பலின் பின்புறத்தில், பெயருக்குக் கீழே, அந்த நாட்டின் தலைநகரம் பெரிய வெள்ளை எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது. கடலில் எங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டிய அரசு அதுதான்.

கப்பல் பதிவுச் சட்டத்தைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது. 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தை நீக்கிவிட்டு, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நிறைவேற்றியது. மக்களவையில் ஆகஸ்ட் 6, மாநிலங்களவையில் ஆகஸ்ட் 11, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் ஆகஸ்ட் 18. 561 பிரிவுகள் கொண்ட பழைய சட்டத்தின் இடத்தில் 325 பிரிவுகளோடு வந்திருக்கும் இந்தச் சட்டம் பற்றித் தமிழில் மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. தூத்துக்குடி, கன்னியாகுமரி, நாகப்பட்டினம், ராமநாதபுரம் என்று வீட்டுக்கு வீடு கடலுக்குப் போகிறவர்கள் உள்ள மாவட்டங்களைக் கொண்ட நாம் இதைக் கவனமாகப் படித்திருக்க வேண்டும் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், பதிவு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கப்பலைப் பதிவு செய்யும்போது அதன் அதிகாரப்பூர்வ எண்ணையும், உட்கொள்ளளவைக் காட்டும் பதிவு டன்னேஜையும் கப்பலின் முதன்மை விட்டத்தில், அதாவது குறுக்குச் சட்டத்தில், வெட்டிப் பொறிக்க வேண்டும். பெயிண்டால் எழுதினால் அழித்துவிடலாம் என்பதால் இரும்பிலேயே வெட்டச் சொன்னார்கள். சொத்து என்ற கணக்கில் ஒரு கப்பல் பத்துப் பங்குகளாகப் பிரிக்கப்படும் என்று நம் 1958 சட்டம் சொன்னது. ஆங்கிலேயர் சட்டத்தில் அது 64 பங்கு. இவையெல்லாம் உரிமை யாருடையது என்பதற்கான ஏற்பாடுகள். ஆனால் பதிவின் கனமான பாதி வேறிடத்தில் இருக்கிறது. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 91-ஆம் பிரிவு, கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும் என்கிறது. 94-ஆம் பிரிவு, தன் கொடியைப் பறக்கவிடும் கப்பலின் கட்டுமானம், கருவிகள், ஆள்பலம், வேலைச் சூழல் எல்லாவற்றையும் அந்த நாடு மேற்பார்வையிட வேண்டும் என்கிறது. பெருங்கடலில் விபத்து நேர்ந்தால், கப்பலின் கேப்டன் மீதோ பணியாளர் மீதோ குற்ற வழக்குத் தொடுக்கும் அதிகாரம் கொடி நாட்டுக்கும் அவரவர் குடியுரிமை நாட்டுக்கும் மட்டுமே என்று 97-ஆம் பிரிவு வரையறுக்கிறது. நம் மீனவரின் படகை வெளிநாட்டுக் கப்பல் ஒன்று நடுக்கடலில் மோதிவிட்டுப் போகும்போது, இங்கே வழக்கு நடத்த முடியுமா என்ற கேள்வி எழுவது இதனால்தான்.

அந்த ‘உண்மையான தொடர்பு’ என்ற சொல் உலகமெங்கும் வலுவிழந்துபோயிருக்கிறது. லைபீரியா 1948-இல் தன் கப்பல் பதிவுச் சட்டத்தை இயற்றியபோதே, அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஒருவர் அதன் பின்னால் இருந்தார். இன்றும் அந்தப் பதிவேட்டை அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள ஒரு தனியார் நிறுவனம்தான் நடத்துகிறது. லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று கொடிகளின் கீழ் மட்டும் உலகக் கப்பல்களின் சுமைத்திறனில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரேயடியாகக் குறை சொல்லிவிட முடியாது. அவற்றின் கீழ் ஓடும் மிக நல்ல கப்பல்களில் நானும் வேலை பார்த்திருக்கிறேன். கட்டணத்துக்காக எந்தக் கப்பலையும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் சின்னஞ்சிறு பதிவேடுகளிலும், அரசின் பெயரைச் சொல்லி எவரோ இணையத்தில் நடத்தும் போலிப் பதிவேடுகளிலும்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட்டைச் சிதைத்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டை அங்கே கொண்டுவந்த ரோசஸ் என்ற கப்பல், கடற்கரையே இல்லாத மால்டோவாவின் கொடியில் ஓடியது. 2013-இல் அது பெய்ரூட்டில் தடுத்து நிறுத்தப்பட்டபோது உரிமையாளர் கைவிட்டார். கேப்டனும் இன்னும் சிலரும் மாதக்கணக்கில் கப்பலிலேயே அடைபட்டுக் கிடந்தார்கள். சரக்கு துறைமுகக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் நாட்டுக்குள் நடந்ததும் ஏறத்தாழ இதே கதையின் மறுபக்கம்தான். 1980-களின் பிற்பகுதியில் இந்தியாவின் வெளிநாட்டுச் சரக்கில் ஏறக்குறைய 40 விழுக்காட்டை இந்தியக் கொடிக் கப்பல்கள் சுமந்தன. 2018–19-இல் அது 7.8 விழுக்காடு. நம் முதலாளிகளே கப்பலை வெளியே பதிவு செய்தார்கள். வரியும், வட்டியும், ஒவ்வோர் அனுமதிக்கும் அலைய வேண்டியிருந்த அலைச்சலும் அவர்களைத் துரத்தின என்பதை நான் மறுக்கவில்லை. இந்திய மாலுமிகள் உலகக் கப்பல்களில் பெரும் எண்ணிக்கையில் வேலை செய்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சட்டம் எட்டாத தளங்களில் நிற்கிறார்கள்.

புதிய சட்டம் இங்கேதான் கைவைக்கிறது. பழைய சட்டத்தில், இந்தியக் கப்பல் என்றால் அது முழுமையாக இந்தியக் குடிமக்களுக்கோ, இந்தியாவில் தலைமையிடம் கொண்ட கம்பெனிக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ சொந்தமாக இருக்க வேண்டும். இனி ஒரு பகுதி உரிமை இருந்தாலும் பதிவு செய்யலாம். அந்தப் பகுதி எவ்வளவு என்பதை மத்திய அரசு அறிவிக்கும். வாடகைக்கு எடுத்து, தவணை முடிந்ததும் சொந்தமாக்கிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் உள்ள வெளிநாட்டுக் கப்பலையும் இந்தியக் கொடியின் கீழ் கொண்டுவரலாம். குஜராத்தின் ஆலங்கில் உடைப்பதற்காக வரும் கப்பலுக்குத் தற்காலிகப் பதிவு உண்டு. எந்த நாட்டின் கொடியையும் ஏந்த உரிமையில்லாத கப்பல் நம் கடற்பரப்புக்குள் வந்தால் தடுத்து வைக்கலாம். போலிப் பதிவேடுகள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் இந்தக் கடைசி அதிகாரம் மிகவும் தேவையானது.

கொடியின் கீழ் அதிகக் கப்பல்களைக் கொண்டுவர வேண்டும் என்ற நோக்கத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஒரு கப்பல் இந்தியக் கொடிக்கு வருமானால், அதில் வேலை செய்கிறவருக்குச் சம்பளம் வராதபோது மும்பையிலோ சென்னையிலோ கதவைத் தட்ட முடியும். ஆனால் உரிமையின் குறைந்தபட்ச அளவைச் சட்டத்திலேயே எழுதாமல் அறிவிக்கைக்கு விட்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை. அறிவிக்கைகளை நாடாளுமன்றத்தின் விவாதம் இல்லாமலே மாற்றிவிடலாம். பத்தில் ஒரு பங்கு போதும் என்று ஒருநாள் ஓர் அறிவிக்கை வருமானால், கப்பல்களின் எண்ணிக்கை கூடும்; 91-ஆம் பிரிவு கேட்கும் உண்மையான தொடர்பு நம்மிடமும் தேய்ந்துவிடும். எந்த நாடுகளின் பதிவேடுகளைப் பார்த்து இத்தனை காலம் நாம் முகம் சுளித்தோமோ, அவற்றோடு கட்டணத்தில் போட்டி போட வேண்டிய நிலைக்கு நாமே போய்ச் சேர்ந்துவிடக் கூடாது.

அதே நேரத்தில், சொந்தக் கொடி என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த ஒரு காலம் உண்டு. அந்த நம்பிக்கையை உடைத்தது 2012 அக்டோபர் 31. நீலம் புயல் சென்னைக்குத் தெற்கே கரை கடந்த அன்று, பிரதிபா காவேரி என்ற இந்தியக் கொடி எண்ணெய்க் கப்பல் நங்கூரம் தாங்காமல் இழுபட்டு, பெசன்ட் நகர் கடற்கரைக்கு அருகில் தரைதட்டியது. நான் அப்போது விடுமுறையில் சென்னையில் இருந்தேன். மறுநாள் கடற்கரையில் திருவிழாக் கூட்டம். பலூன் விற்பவரும் சுண்டல் விற்பவரும் வந்துவிட்டிருந்தார்கள். கரைக்கு அவ்வளவு அருகில் அத்தனை பெரிய கப்பலைச் சென்னை மக்கள் பார்த்ததில்லை. குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். நான் கப்பலைப் பார்க்கவில்லை. லைஃப் போட் தொங்கியிருக்க வேண்டிய இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 37 பேர் இருந்த அந்தக் கப்பலிலிருந்து சிலர் லைஃப் போட்டில் இறங்கினார்கள். படகு அலையில் கவிழ்ந்தது. ஆறு பேர் இறந்தார்கள். கப்பலிலேயே தங்கியிருந்தவர்களைக் கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர்கள் மீட்டன.

அந்த ஆறு பேரும் கப்பலை விட்டு இறங்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது கரையில் இருப்பவர்களுக்கு எளிது. லைஃப் போட்டை இறக்கும் பயிற்சி கடலில் உள்ள எவருக்கும் அச்சம் தருவது என்பதை நான் அறிவேன். இரண்டு பக்கமும் டேவிட் என்ற தூக்குச் சட்டத்தில் தொங்கும் படகின் முன் ஹூக்கும் பின் ஹூக்கும் ஒரே நொடியில் விடுபட வேண்டும். ஒன்று விடுபட்டு மற்றொன்று சிக்கினால் படகு செங்குத்தாகத் தொங்கி ஆட்களைக் கொட்டிவிடும். அமைதியான துறைமுகத்திலேயே அந்தப் பயிற்சியில் உலகெங்கும் மாலுமிகள் இறந்திருக்கிறார்கள். புயல் அலையில், பல நாள்களாகச் சரியாகச் சாப்பிடாத, மாதக்கணக்கில் சம்பளம் வாங்காத ஆட்கள் அதைச் செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. சம்பளம் வரவில்லை, உணவுப் பொருளும் எரிபொருளும் போதவில்லை என்று அந்தக் கப்பலின் மாலுமிகள் சொன்னதாக அப்போது செய்திகள் வந்தன. இந்தியத் துறைமுகத்தின் வாசலில், இந்தியக் கொடியோடு, அந்த நிலையில் ஒரு கப்பல் நின்றிருந்தது.

அன்றிலிருந்து சம்பளத்தையும் பாதுகாப்பையும் இரண்டு தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்துப் பேசுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. சம்பளம் நிற்கும் கப்பலில் உதிரிப்பாகமும் நின்றுவிட்டிருக்கும். எங்கள் பம்பின் சீல் வராமல் போனதும் அப்படித்தான். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2014-இல் சேர்த்து, 2017-இலிருந்து நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்த உண்மையை ஒப்புக்கொண்டது. இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தினாலே அது கைவிடப்பட்ட கப்பலாகக் கருதப்படலாம் என்றும், நான்கு மாதம் வரையிலான நிலுவைக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் காப்பீடு கட்டாயம் என்றும் அது சொல்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை 2015-இல் ஏற்றது. இருந்தும், சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் கணக்கில் 2024-இல் உலகில் அதிகமாகக் கைவிடப்பட்ட மாலுமிகள் இந்தியர்களே. வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களில் வேலை செய்யும் இந்தியர்களையும் தன் பாதுகாப்பு வட்டத்துக்குள் கொண்டுவர முயல்வதைத்தான் புதிய சட்டத்தின் மிகச் சிறந்த பகுதியாக நான் கருதுகிறேன். எங்கள் ஊரில் ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்து, எந்தக் கொடி என்றுகூடக் கேட்காமல் கப்பலேறும் இருபது வயதுப் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பாதுகாப்பு விதிகளின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். விதி இருந்தும் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள், ஏனென்றால் விதி கப்பலைவிடப் பழையதாக இருந்தது. டைட்டானிக்கில் 20 படகுகள் இருந்தன. அவற்றில் 1,178 பேர் ஏறலாம். கப்பலில் இருந்தவர்களோ சுமார் 2,200 பேர். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. 1890-களில் எழுதிய பிரிட்டிஷ் விதியின் கடைசி வரிசை ‘10,000 டன்னும் அதற்கு மேலும்’ என்பதோடு நின்றுவிட்டது. அதற்குக் கேட்ட படகுகள் 16. டைட்டானிக் 46,000 டன். விதி கேட்டதைவிட நான்கு படகு அதிகமாகவே ஏற்றியிருந்தார்கள். 1,500-க்கும் மேற்பட்டோர் இறந்த பின்புதான் 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன் 1974-ஆம் ஆண்டு வடிவம்தான் இன்று நடப்பில் உள்ள சோலாஸ்.

அதற்கும் முந்தைய கதை கப்பலின் பக்கவாட்டில் நீங்கள் பார்க்கும் வட்டத்தினுடையது. வட்டத்தின் நடுவே ஒரு கோடு, அருகில் சீப்புப் பற்கள் போலச் சில கோடுகள். ஒவ்வொன்றும் கோடைக்கு, குளிர்காலத்துக்கு, வெப்பமண்டலக் கடலுக்கு, நன்னீருக்கு என்று கப்பல் எதுவரை அமிழலாம் என்பதைக் காட்டும். காப்பீட்டுத் தொகைக்காகவே பழைய கப்பல்களில் மிதமிஞ்சிச் சரக்கேற்றி அனுப்பிய முதலாளிகளுக்கு எதிராக, சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஆண்டுக்கணக்கில் போராடி 1876-இல் வாங்கிய சட்டம் அது. ஆனால் அந்தச் சட்டம் கோடு போட வேண்டும் என்று மட்டும்தான் சொன்னது. எங்கே போடுவது என்பதை முதலாளியே முடிவு செய்துகொள்ளலாம்! கோட்டின் இடத்தைச் சட்டம் நிர்ணயிக்க 1890 வரை பதினான்கு ஆண்டுகள் ஆயிற்று. உரிமையின் அளவை அறிவிக்கைக்கு விட்டிருக்கும் நம் பிரிவைப் படிக்கும்போது எனக்கு இந்தப் பதினான்கு ஆண்டுகள்தான் கண்முன் வருகின்றன.

இனி எங்கள் வீட்டோடு தொடர்புடைய ஒரு பகுதிக்கு வருகிறேன். பழைய சட்டப்படி, எந்திரத்தால் ஓடும், நிகர அளவில் 15 டன்னுக்கும் குறையாத கடல் கப்பல்கள்தான் முக்கியமான பதிவு முறைக்குள் வரும். பாய்மரக் கலங்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. புதிய சட்டம் எப்படி ஓடுகிறது, எவ்வளவு டன்னேஜ் என்ற வேறுபாடு பார்க்காமல் எல்லாக் கலங்களையும் பதிவுக்குள் கொண்டுவர நினைக்கிறது. 2008-இல் மும்பையைத் தாக்க வந்தவர்கள் குபேர் என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் கரையை நெருங்கினார்கள் என்பதை நினைத்தால் இதன் நியாயம் புரியும். ஆனால் நோக்கம் நியாயமானது என்பதாலேயே நடைமுறை எளிதாகிவிடாது.

என் அப்பா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக, இருந்தவர். காய்கறி, செங்கல், ஓடு, சிமெண்ட் என்று முன்னூறு டன் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும், அதற்கு முந்திய காலத்தில் கொழும்புக்கும் போய்வந்த மரத் தோணிகள் அவை. மழைக்காலக் கொந்தளிப்பு தொடங்கும்போது தோணியைக் கரையில் ஏற்றி, பலகைகளின் இடுக்கில் பஞ்சை வைத்து உளியால் அடித்துக் கலப்பத்துப் பார்ப்பார்கள். கலப்பத்து அடிக்கும் ஓசையை வைத்தே பலகை உளுத்திருக்கிறதா என்று அப்பா சொல்லிவிடுவார். நல்ல பலகை கணீரென்று பேசும், உளுத்தது அடியை உள்ளே விழுங்கிக்கொள்ளும். அந்த அறிவு எந்தப் படிவத்திலும் இல்லை. இரும்புக் கப்பலுக்காக எழுதிய பட்டியலை மரத் தோணிக்கு முன்னால் நீட்டினால், பாதிக் கட்டங்கள் பொருந்தாது என்று வெறுமையாக இருக்கும். அசல் ஆபத்துகளுக்குக் கட்டமே இருக்காது. தோணிக்கும் நாட்டுப் படகுக்கும் தனி விதிகள் வேண்டும், அவற்றை எழுதும்போது தண்டல்களையும் கலப்பத்து ஆசாரிகளையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும், பதிவுக்கான அலுவலகம் அவர்கள் ஒரே பகலில் போய்த் திரும்பும் தொலைவில் இருக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் போனால், பதிவு செய்யாதவர் குற்றவாளியாவார். பதிவு செய்தவரின் தோணியும் முன்பைவிடப் பாதுகாப்பாக ஆகியிருக்காது.

சட்டம் நிறைவேறுவதற்கு இரண்டரை மாதம் முன்பு, 2025 மே 25 அன்று, எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. லைபீரியக் கொடி, 1997-இல் கட்டப்பட்டது, விழிஞ்சத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. 24 பேரும் மீட்கப்பட்டார்கள். 640 கண்டெய்னர்களில் 13 ஆபத்தான சரக்கு. அவற்றில் 12-இல் கால்சியம் கார்பைடு. நம் பக்கம் வந்து சேர்ந்தது வெள்ளை நிறப் பிளாஸ்டிக் மணிகள். ஜவ்வரிசியைப் போன்ற அந்த மணிகள் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைகளிலும் தனுஷ்கோடியிலும்கூட ஒதுங்கின. உறவினர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த மணலை ஒரு கை அள்ளிப் பார்த்தேன். மணலையும் மணியையும் பிரிக்க முறத்தால் புடைத்துத்தான் ஆக வேண்டும். ஒரு கைப்பிடிக்கே அத்தனை நேரம் ஆனால், கடற்கரை முழுவதையும் யார் புடைப்பது? கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போனது. 2021-இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கியபோது இலங்கையின் மேற்குக் கரையில் இதே மணிகள்தான் குவிந்தன. இந்தியக் கொடியைத் திருத்துவதால் மட்டும் இத்தகைய விபத்துகள் நிற்காது. நம் துறைமுகத்துக்கு வரும் அடுத்தவர் கப்பலை நாம் எவ்வளவு உண்மையாகச் சோதிக்கிறோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். அந்த அதிகாரம் நமக்குப் புதிதல்ல. இந்தியப் பெருங்கடல் நாடுகள் 1998-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி துறைமுகங்களில் வெளிநாட்டுக் கப்பல்களைச் சோதித்துத் தடுத்து வைக்கலாம்; அந்த உடன்பாட்டின் செயலகமே கோவாவில்தான் இருக்கிறது.

அதற்குத் தேவை ஆட்கள். கேங்வே ஏறி, கையுறையை மாட்டிக்கொண்டு எஞ்சின் அறைக்குள் இறங்கும் சர்வேயர்கள். நீண்ட காலம் கடலில் இருந்த தலைமைப் பொறியாளர் ஒருவர், கப்பல் தரும் டாலர் சம்பளத்தை விட்டுவிட்டு அரசுச் சம்பளத்துக்கு சர்வேயராக வருவது அரிது. அந்தப் பணிக்கு உரிய ஊதியத்தையும் மதிப்பையும் தராத வரையில் 325 பிரிவுகளும் கோப்பில்தான் இருக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன். 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் சீப்ரூக்கில், முன்கதவைத் திறந்து வைத்தபடியே புறப்பட்ட ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் என்ற பிரிட்டிஷ் ஃபெர்ரி கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். கதவு மூடியிருக்கிறதா என்று காட்டும் ஒரு விளக்கைக் கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் வைத்துத் தாருங்கள் என்று அந்தக் கம்பெனியின் கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள், கம்பெனி தரவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு, சான்றிதழ் கொடுக்கும் துறையிலிருந்து பிரித்து, விபத்தை மட்டும் விசாரிக்கும் தனி அமைப்பை 1989-இல் பிரிட்டன் உருவாக்கியது. கரையில் இருக்கும் கம்பெனி நிர்வாகத்தையும் பாதுகாப்புக்குப் பொறுப்பாக்கும் ஐ.எஸ்.எம். விதித்தொகுப்பு 1998-இலிருந்து படிப்படியாக உலகுக்கே கட்டாயமானது. விமான விபத்துகளை விசாரிக்க இந்தியாவில் தனி அமைப்பு இருக்கிறது. கப்பல் விபத்துக்கும் அப்படி ஓர் அமைப்பு வேண்டும். அதன் ஒவ்வோர் அறிக்கையும் பொதுமக்கள் படிக்கும்படி, கடலோர மாநிலங்களின் மொழிகளிலும், வெளியாக வேண்டும். விசாரணையில் உண்மையைச் சொல்லும் மாலுமிக்கு அடுத்த ஒப்பந்தம் கிடைக்காமல் போகாது என்ற உறுதியும் வேண்டும். அந்த உறுதி இல்லாததால் நானே அந்த ஐரோப்பியத் துறைமுகத்தில், சீல் கேட்டு எழுதிய இரண்டு கடிதங்களைப் பற்றி ஆய்வாளரிடம் வாய் திறக்கவில்லை. அவர் கேட்டார், நான் கேப்டனின் முகத்தைப் பார்த்தேன்.

அப்பா கடைசியாக ஓட்டிய தோணி என் பெரியப்பாவுடையது. பழுதுபார்க்க முடியாத அளவுக்கு உளுத்துப்போன பின், கரையிலேயே அதை உடைத்தார்கள். பலகைகள் விறகுக்குப் போன மறுநாள் பெரியப்பா பதிவுச் சான்றிதழை மடித்து எடுத்துக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். தோணிதான் போய்விட்டதே, இந்தத் தாளுக்காக எதற்கு இவ்வளவு தூரம் என்று வழியில் கேட்டேன். “ஆபீசுல பேரை அடிச்சாத்தான்ல தோணி முடிஞ்சதுன்னு கணக்கு. அதுவரைக்கும் அது நம்ம பொறுப்பு” என்றார் அப்பா. அலுவலர் பேரேட்டைத் திறந்து, எண்ணைச் சரிபார்த்து, சிவப்பு மையால் கோடு இழுத்து, பெரியப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். எண் வெட்டியிருந்த விட்டத்தை மட்டும் அப்பா விறகுக்குக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பின்வாசலில் நிலைப்படிக்கு மேலே அது இன்னும் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை அதற்கு எண்ணெய் பூசுகிறோம்.